முந்தானையில் முடிந்த கேமரா

திண்டுக்கல்
பிப்ரவரி 2004

அருமை மருமகனுக்கு,

உலகில் ஒருவரும் நம்பாத கதையைச் சத்தியம் செய்து எழுதுகிறேன். நீயும் நம்பாதே.

உன் கல்யாணத்துக்கென்று வாங்கி, எங்கள் லட்சத்தீவுக் கப்பல் பயணத்துக்கு இரவல் தந்தாயே, அந்தப் புது வீடியோ கேமராவைக் கிரீடம் போலக் காத்தேன். அதை நான் தூக்கியதும் திமிங்கிலங்கள் தலைவாரிக்கொண்டு வரிசையில் வந்து நின்றன. உன் அத்தைக்குத்தான் நம்பிக்கை இல்லை. "எதையும் கீழ போடுற ஆளு நீங்க" என்று கேமராவின் வாரைத் தன் முந்தானையில் மூன்று முடிச்சாக முடிந்துகொண்டாள்.

தீவுக்கு அருகே கப்பலிலிருந்து சின்னப் படகுக்கு மாற வேண்டும். முந்தானை முடிச்சை அவிழ்க்காமலே, அவள் இறங்குவதை நான் மேலே நின்று படம் பிடித்தேன். அவள் ஒரு காலைப் படகில் வைத்ததும் சிறுமலை உயரத்துக்கு ஓர் அலை வந்தது. படகு விலகியது. எங்கள் நடுவே சேலை விறைத்தது.

"ஏங்க, சேலை இழுக்குது! விழுகப் போறேன்!"

அவளுக்குக் கீழே கடல்.

கேமரா விழுந்தது. அவள் படகுக்குள் விழுந்தாள். முந்தானையை இழுத்தபோது கேமரா உப்புத்தண்ணீரைக் கக்கியது; உள்ளிருந்து ஒரு சுறா வணக்கம் சொன்னது.

"செத்த நேரம் புடிக்க முடியலையா? பாவம், அந்தப் பய ஆசையா வாங்குனது!" என்று இன்னும் திட்டுகிறாள்.

திமிங்கிலம் பொய். சுறா பொய். அலை முழங்கால் உயரம்தான். கை தவறிவிட்டது என்று அவளிடம் சொன்னதும் பொய். கேமராவின் சின்னத் திரையில் அவள் முகத்தைப் பார்த்தேன், நானேதான் வீசினேன். அது மட்டும் நிஜம்.

அவளிடம் சொல்லிவிடாதே. திட்டட்டும், கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஏழு கடலையும் வென்ற உன் மாமன்