பதினேழாம் எண் கொடையாளர் தொலைந்துபோகவில்லை

அனுப்புநர்:
17ஆம் எண் கொடையாளரின் மனைவி,
நிலையத்தின் பின்வாயிலுக்கு எதிர்த்தெரு, மாடி வீடு.
(கொடையாளர் பெயரைக் கடிதங்களில் வெளிப்படையாக எழுதக் கூடாது என்பது நிலையத்தின் விதி. ஆகவே எங்கள் இருவர் பெயரும் தனி உறையில் இணைக்கப்பட்டுள்ளன.)

பெறுநர்:
உயர்திரு இயக்குநர் அவர்கள்,
மலேரியா ஆராய்ச்சி நிலையம்.

பொருள்: 17ஆம் எண் சீரம் குழாய்கள் ஆறினை அழிக்காதிருக்க வேண்டுதல், அறிவிப்பில் உள்ள ஓர் எழுத்துப் பிழை, என் தரப்பில் ஒரு பிழை தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இம்மாதம் மூன்றாம் தேதி தங்கள் வாயிற்பலகையில் ஒட்டப்பட்ட அறிவிப்பில், "கொடையாளரைக் கண்டறிய இயலாத சீரம் மாதிரிகள் 28ஆம் தேதி அளிக்கப்படும்" என்று உள்ளது. பட்டியலில் 17ஆம் எண்ணும் இருக்கிறது. அது மறைந்த என் கணவருடைய எண். அளித்தல் என்றால் கொடுத்தல் என்றே நான் படித்திருக்கிறேன். ஆகவே மறுநாள் காலை, பிளாஸ்க் நிறைய ஐஸ்கட்டியுடன் வரவேற்பு மேசைக்கு வந்தேன். அங்கிருந்த பெண் என்னையும் பிளாஸ்கையும் பார்த்துவிட்டு, "குடுக்கறது இல்லம்மா, கொட்டறது" என்றாள். அழிப்பதற்கும் அளிப்பதற்கும் ஓர் எழுத்துதான் வேறுபாடு. அந்த எழுத்தை நம்பி ஒருத்தி இஸ்திரி போட்ட புடவையில் வந்து நிற்பாள் என்று தட்டச்சு செய்தவர் நினைத்திருக்க மாட்டார்.

2. "கண்டறிய இயலாத" என்ற சொல்லையும் நான் ஏற்கவில்லை. என் கணவர் தங்கள் கொசு வளர்ப்பறையில் முப்பத்தோர் ஆண்டுகள் உதவியாளராக இருந்தார். அவர் காலமாகி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. நான் அதே வீட்டில்தான் இருக்கிறேன். பின்வாயிலிலிருந்து ஆறு நிமிட நடை. என் முழங்காலுக்கு ஒன்பது. தேடி எவரும் படியேறி வந்ததாக நினைவில்லை.

3. மலேரியாக் கிருமியின் ஆணும் பெண்ணும் கூடுவது மனித உடலில் அல்ல, கொசுவின் வயிற்றில். ஒன்றையொன்று பற்றிக்கொள்ள அவற்றின் மேற்பரப்பில் கொக்கி போன்ற புரதங்கள் உள்ளன. மூன்று முறை மலேரியாவில் படுத்தெழுந்த என் கணவரின் சீரத்தில், அதாவது இரத்தத்தின் தெளிநீரில், அந்தப் புரதங்களை மூடிவிடும் எதிர்ப்பொருள் ஏராளமாக இருந்தது. அந்தச் சீரம் கலந்த இரத்தத்தைக் குடித்த கொசுக்களின் குடலில் கிருமி கொப்புளம் கட்டவில்லை. தாங்கள் அறிந்ததையே எழுதுவதற்கு மன்னிக்கவும். நானும் அறிவேன் என்பது தங்களுக்குத் தெரிய வேண்டும்.

4. இதனால் அவருக்கு என்ன லாபம் என்று ஒருமுறை கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே பதிகிறேன்: "எனக்கு ஒண்ணும் இல்ல டீச்சரம்மா. எனக்குக் காய்ச்சல் வந்தா வரும். ஆனா என்னைக் கடிச்ச கொசு அப்புறம் உன்னைக் கடிச்சா, உனக்கு வராது. போதாதா?" நான் ஆசிரியை அல்ல, பிழை திருத்தும் பழக்கத்துக்காக அவர் வைத்த பெயர் அது. அன்று சமாதானத்துக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். சென்ற வாரம் தங்கள் மூன்றாம் மாடி ஆராய்ச்சியாளர், அது சமாதானம் அல்ல, அறிவியல்தான் என்று பொறுமையாக விளக்கினார். நாற்பத்து நான்கு ஆண்டு மணவாழ்வில் எனக்கு ஒரு நாளும் மலேரியா வந்ததில்லை.

5. இனி என் பிழை. அந்த ஆராய்ச்சியாளர் பார்த்துச் சொன்னபடி, தங்கள் கோப்பில் 11ஆம் எண்ணுக்கு இரண்டு ஒப்புதல் படிவங்கள் உள்ளன. 17க்கு ஒன்றும் இல்லை. அவ்விரண்டில் ஒன்று என் கையெழுத்தில் உள்ளது. என் கணவர் தம் எண்ணைத் துண்டுச்சீட்டில் எழுதிக் கொண்டுவந்தார். படிவத்தை நான் நிரப்பினேன். கான்வென்ட் சிஸ்டர்கள் எங்களுக்கு ஏழின் இடுப்பில் குறுக்குக்கோடு போடக் கற்றுக்கொடுத்திருந்தனர். திருமணமான மறுவாரத்திலிருந்து அவரிடம் அதைச் சொல்லிவந்தேன். "அதான் தொப்பி போட்டிருக்கே, பெல்ட் வேற எதுக்கு?" என்பார். அந்த 7ஐ நான் 1 என்று படித்துவிட்டேன். என் எழுத்தைச் சரிபார்க்கும் வழக்கம் அவருக்கு இல்லாததால், அப்படியே ஒப்பமிட்டார். ஊரார் பிழையெல்லாம் திருத்திய நான் இதைத் திருத்தவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க, அவர் ஏழு எழுதிய பழைய சீட்டுகள் ஒன்பது இத்துடன் உள்ளன.

6. ஆகவே, அந்தப் படிவத்தை 17ஆம் எண்ணுடன் சேர்த்து, ஆறு குழாய்களையும் அழிக்கும் பட்டியலிலிருந்து நீக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். அவற்றை எனக்காகப் பாதுகாக்க வேண்டாம். கடைசிச் சொட்டு வரை சோதனைகளுக்குப் பயன்படுத்துங்கள். அடுத்தவருக்கு வரக் கூடாது என்பதற்காகவே அவர் கையை நீட்டினார்.

7. ஒன்று மட்டும். குழாய்களில் எண்களை என் கணவரே எழுதியிருக்கிறார். ஆராய்ச்சியாளர் அவற்றின் படத்தைக் கணினியில் பெரிதாக்கிக் காட்டினார். முதல் ஐந்தில் அதே பழைய ஏழு. என் கணவர் ஓய்வு பெற்ற ஆண்டில் எடுத்த ஆறாவதில், ஏழின் இடுப்பில் சிறு குறுக்குக்கோடு இருக்கிறது. அதை அவர் வீட்டில் சொல்லவே இல்லை.

அந்தக் குழாய் காலியானதும், மேலே ஒட்டியுள்ள சீட்டை மட்டும் உரித்து என்னிடம் சேர்ப்பிக்க வேண்டுகிறேன். பட்டியலில் உள்ள மற்ற எண்களின் மாதிரிகளுக்கு அறிவிப்பில் உள்ள எழுத்தைத் திருத்திக்கொள்ளுங்கள். அந்தச் சீட்டுக்கு மட்டும், அளிக்கப்படும் என்றே இருக்கட்டும்.

தங்கள் பதிலை எதிர்நோக்கும்,
(ஒப்பம்)
17ஆம் எண் கொடையாளரின் மனைவி

இடம்: பின்வாயில் எதிர்த்தெரு
நாள்: மார்ச் 12

இணைப்பு: பெயர்கள் அடங்கிய உறை 1, சீட்டுகள் 9