கையோங்காத மாதம்

மாமா,

என் வாய்க்கு நீங்கள் போட்ட விலை ஒரு நைலக்ஸ் சேலை. ஃபாதரிடம் எதுவும் சொல்லக்கூடாதாம். அந்த விலைக்குப் படியாது, சேலையைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பெண்டாட்டியை அடித்த ஆண்களுக்கு அவர் நடத்தும் கூட்டத்தில், “ஒரு மாசமா கையே ஓங்கலைங்க ஃபாதர்” என்று சொல்லிக் கைதட்டல் வாங்கினீர்களாம். அதே கூட்டத்துக்கு வருகிற மரியசூசை அண்ணன் வீட்டு அக்கா சொன்னாள். அந்த மாதம் முழுக்க நான் கம்பைநல்லூரில் அப்பா வீட்டில் அல்லவா இருந்தேன்? கடை பூட்டிக் கிடந்த நாளுக்கு லாபம் எழுதுகிறவரை எங்கள் ஊர்ப் புளி மண்டியில்கூடப் பார்த்ததில்லை.

இன்றைக்குக் கூட்டத்துக்கு நான் முன்னாடியே போகிறேன். உள்ளதை நீங்களே சொன்னால் வாசலில் உட்கார்ந்திருப்பேன். இல்லாவிட்டால் உள்ளே வந்து நான் சொல்வேன்.

களி பானையில், கீரை சட்டியில். சாவியைப் பக்கத்து வீட்டு ராஜமேரி அக்காவிடம் கொடுத்துவிட்டு வாருங்கள்.

எழுத விட்டுப்போனது: நான் திரும்பி வந்து ஐந்து நாள். கையோங்காத நாள் நான்கு, வரவு வைத்துவிட்டேன். நேற்றையது உங்கள் பேரில் பற்றாக நிற்கிறது.