மஞ்சளைக் குறையுங்கள்

மார்ச் 3, ஞாயிறு

இன்று வாத்தியார் வீட்டு மாடியில் என் மனைவியின் படத்தைக் காட்டினேன். பாதிதான் முடிந்திருக்கிறது. முகம் மட்டும் வந்திருக்கிறது, கைகள் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கேன்வாஸ். எங்கள் கூட்டத்தில் ஒரே ஒரு கட்டுப்பாடு: முடிக்காத படத்தைத்தான் கொண்டுவர வேண்டும், கொண்டுவந்தவர் வாயே திறக்கக் கூடாது. மற்றவர்கள் சொல்வதைக் கேட்டுக்கொண்டு போய்த் திருத்தி வர வேண்டும். வாயைத் திறந்தால் சாக்குத்தான் வரும் என்பது வாத்தியாரின் கட்சி. எங்களில் முறையாக ஓவியம் படித்தவர் அவர் ஒருவர்தான். நான் பேருந்துப் பணிமனையில் உதிரிபாகம் எடுத்துக் கொடுப்பவன். தங்கச்சி என்று நான் கூப்பிடுகிறவள் தபால்காரி.

"மூக்கு பிரமாதம். ஆனா முகமெல்லாம் ஒரே மஞ்சள். எண்ணெய ஊத்து ஊத்துன்னு ஊத்துறீங்க போல. மஞ்சளைக் குறைங்க" என்றார் வாத்தியார்.

தங்கச்சியும் ஆமாம் போட்டாள். "கண்ணு வெள்ளைகூட மஞ்சளா இருக்குண்ணே."

கண்ணால் பார்த்ததைத்தானே வரைந்தேன் என்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

மார்ச் 5

வீட்டில் சொன்னதும் சிரிக்கிறாள். "இத்தனை வருஷமா பாக்குறீங்க, கட்டினவ என்ன நிறம்னு ஊரைக் கேட்டுத்தான் தெரிஞ்சுக்கணுமா?"

மார்ச் 10, ஞாயிறு

காலையில் ஜன்னலோரம் உட்கார வைத்தேன். கையைச் சொறிகிறாள், கழுத்தைச் சொறிகிறாள். ஒரு நிமிடம் ஓரிடத்தில் இருப்பதில்லை. கத்திவிட்டேன்.

"அரிக்குதுங்க, நான் என்ன பண்ண? நீங்க பெயின்ட்ல கலக்குற டர்பன்டைன் நாத்தம்தான். இதால சோறுகூட எறங்க மாட்டேங்குது."

ஜன்னலை இன்னும் அகலத் திறந்தேன். விளக்கையும் மாற்றினேன், பால் வெள்ளையாக எரிவதைப் போட்டேன். அப்படியும் என் கண்ணுக்கு அவள் மஞ்சளாகத்தான் தெரிகிறாள். கோளாறு என் கண்ணில்தான் இருக்க வேண்டும்.

மார்ச் 12

வேலை முடிந்து கண் சோதிக்கப் போனேன். ஒரு குறையும் இல்லையாம்.

மார்ச் 17, ஞாயிறு

மூன்று நாள் மாலை உட்கார்ந்து திருத்தினேன். கன்னத்தில் ரோஸ், கண் வெள்ளையில் ஒரு பொட்டு நீலம். இன்று படத்தைத் திருப்பி வைத்ததும் வாத்தியார் கையே தட்டிவிட்டார். "இப்பதான்யா உயிர் வந்திருக்கு!" எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

வீட்டுக்கு வந்தால் விளக்கைக்கூடப் போடாமல் படுத்திருக்கிறாள். எழுப்பிக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தாள். "யாருங்க இது?" என்றாள். மறுபடி படுத்துக்கொண்டாள். எனக்குக் கோபம்தான் வந்தது.

மார்ச் 29, வெள்ளி

மகள் வந்தாள். வேலைக்கென்று வெளியூர் போனபின் இப்போதுதான் வருகிறாள். வாசலில் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"என்னம்மா, இப்படி மஞ்சளா இருக்க? கண்ணப் பாரு! அப்பா, நீங்க பாக்கவே இல்லையா?"

பார்த்தேன். நான்தான் பார்த்தேன் — மணிக்கணக்காக, வேறு யாரும் பார்க்காத அளவுக்குப் பார்த்தேன். பார்த்துவிட்டு ரோஸ் பூசினேன்.

ஏப்ரல் 2

"எப்பலேருந்து இந்த மஞ்சள்?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"இப்பதான், நாலஞ்சு நாளா" என்றாள் இவள். என்னைக் காப்பாற்றுகிறாளாம்.

"ஒரு மாசத்துக்கு மேல இருக்கும்" என்றேன்.

"அவ்வளவு நாளாவா? யாராவது கவனிச்சீங்களா?"

எல்லாரும் கவனித்தோம். கூடிப் பேசினோம். அதை எப்படிச் சொல்வது?

ஏப்ரல் 11

கணையத்தில் கட்டி. கல்லீரலுக்கும் போய்விட்டது. அறுக்க முடியாதாம். ஒரு மாதம் முன்னால் வந்திருந்தால் என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். "சொல்ல முடியாது" என்றார். பிழைத்திருப்பாள் என்றாலும் சரி, மாட்டாள் என்றாலும் சரி, எதையாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு அழுதிருப்பேன். சொல்ல முடியாதாம்.

கட்டுப்பாடாம் கட்டுப்பாடு. என்ன எழவுக் கட்டுப்பாடு? நான் வாயைத் தொறந்து, "இல்ல சார், அவ நெசமாவே மஞ்சளாத்தான் இருக்கா"ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா? அங்க இருந்த யாருக்காவது உறைச்சிருக்காதா? புருஷனா பாத்திருந்தா பயந்திருப்பேன். பெயின்ட்டுக்காரனால்ல பாத்தேன்.

ஏப்ரல் 21, ஞாயிறு

வாத்தியார் வந்தார். நான் உட்காருங்கள் என்றுகூடச் சொல்லவில்லை. அடித்துவிடுவேனோ என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். அவர் அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் கட்டில் காலைப் பார்த்துக்கொண்டு, "நான்தாம்மா மஞ்சளைக் குறைக்கச் சொன்னேன்" என்றார்.

"நீங்க படத்தத்தான சார் சொன்னீங்க" என்றாள். எப்படித்தான் இவளால் முடிகிறதோ. அவர் குலுங்கிக் குலுங்கி அழுதார். அப்போதும் எனக்கு மனம் இளகவில்லை.

மே 4

"அந்த ரோஸ் பொம்பளைய எடுத்துட்டு என்னைப் போடுங்க" என்றாள்.

கத்தியால் சுரண்டினேன். அடியில் இன்னும் ஈரம் இருந்தது, வழித்துக்கொண்டு வந்துவிட்டது. தலையணையை முட்டுக் கொடுத்து அவளை உட்கார வைத்தேன். இப்போது வெறும் மஞ்சள் போதவில்லை, கொஞ்சம் பச்சை சேர்க்க வேண்டியிருந்தது. சொறிந்தாள், நான் ஒன்றும் சொல்லவில்லை. முடிந்ததும் கிட்டக் கொண்டுபோய்க் காட்டினேன்.

"ம். இது நான்தான். கைய நாளைக்குப் போடுங்க, இன்னிக்கு முடியல."

மே 6

கைகளை வரையவில்லை. அவள் போய்விட்டாள், இனி அதற்கு வழியில்லை.

செப்டம்பர் 8, ஞாயிறு

மகள் தொல்லை தாங்காமல் வாத்தியார் வீட்டு மாடிக்குப் போனேன். தூரிகை எடுத்துப் போகவில்லை. ஓரமாக உட்கார்ந்துவிட்டு வந்துவிடலாம் என்றுதான்.

தங்கச்சி தன் அம்மாவை வரைந்துகொண்டு வந்திருந்தாள். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. இடது கண் இமை தொங்கியிருந்தது. வாத்தியார் இப்போதெல்லாம் அதிகம் பேசுவதில்லை. தயங்கித் தயங்கி, "வாயை மட்டும் கொஞ்சம் நேராக்கினா..." என்று ஆரம்பித்தார்.

நான் எழுந்துவிட்டேன். "அம்மாவுக்கு வாய் நெசமா இப்படி இருக்கா? போன் போடு. முகம் தெரியுற மாதிரி போடு. இப்பவே போடு."

அவள் வாயைத் திறக்காமல் வாத்தியாரைப் பார்த்தாள். "போடும்மா" என்றார் அவர்.

அந்த அம்மா திரையில் வந்தார். "எதுக்குடி இப்பக் கூப்புடுற? அடுப்புல வச்சிருக்கேன்!"

"அம்மா, கொஞ்சம் சிரிங்க" என்றேன். யார் இந்த ஆள் என்று முழித்தார். பிறகு சிரித்தார். உதடு இரண்டு பக்கமும் ஒன்றுபோல் ஏறியது. இரண்டு கண்ணும் சமமாகச் சுருங்கின.

"எனக்குத்தாண்ணே வாய் வரைய வரல" என்றாள் தங்கச்சி, திட்டு வாங்கப்போகிறவள் போல.

நான் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். வாத்தியார் என் தோளைப் பிடித்துக்கொண்டார், நான் தள்ளிவிடவில்லை. தங்கச்சி போனை அணைக்கப் போனாள்.

"வச்சிடாதம்மா. இன்னும் கொஞ்ச நேரம் சிரிக்கச் சொல்லு" என்றேன்.