ஸ்டூல் போட்டு எட்டும் தூரம்

மார்ச் 2

அன்புள்ள வாலுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீ நலம் என்று எழுதினால்தான் நம்புவேன். போனில் நீ ஒரு பக்கம் கத்துகிறாய், நான் ஒரு பக்கம் கத்துகிறேன், கடைசியில் யார் என்ன சொன்னோம் என்று இரண்டு பேருக்கும் தெரிவதில்லை. "அக்காவும் தங்கச்சியும் லெட்டர் எழுதிக்குங்க, என் காதாவது மிஞ்சும்" என்று உன் அத்தான் தீர்ப்புச் சொல்லிவிட்டார். அதனால் வார்டில் சாப்பாட்டு இடைவேளையில், நர்சுகள் அறையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

அத்தானை உங்கள் ஊருக்கு, தலைமை அலுவலகத்துக்கே மாற்றிவிட்டார்கள். ஜூனில் பள்ளிக்கூடம் திறப்பதற்குள் வந்தாக வேண்டும். எனக்கும் அங்கே ஒரு ஆஸ்பத்திரியில் வேலை உறுதியாகிவிட்டது. வாடகையைக் கேட்டால்தான் மயக்கம் வருகிறது. இங்கே தோட்டத்தோடு வீடு கிடைக்கிற பணத்துக்கு அங்கே பால்கனிகூடத் தரமாட்டார்கள் போலிருக்கிறது. ஊருக்கு நடுவில் நமக்குக் கட்டாது, புறநகர்தான். பெரியவளுக்கு நல்ல பள்ளிக்கூடம், சின்னவன் ஓட ஒரு பூங்கா, அத்தானுக்கு ரயில். இவ்வளவுதான் கேட்கிறேன்.

எட்டு வருஷமாக அங்கே இருக்கிறாய், நீயே பார்த்துச் சொல். உன் வீட்டுப் பக்கமே கிடைத்தால் வேறு எதுவும் வேண்டாம். அதே தெரு என்றால் இன்னும் நல்லது. அம்மா போன நாளிலிருந்து உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு திரிந்தவள் நான். நீ அங்கே போனதிலிருந்து எனக்கு இடுப்பு லேசாகவே இல்லை, காலியாக இருக்கிறது.

பாப்பாவுக்கு இருமல் நின்றதா? நான் சொன்ன மருந்தைத்தானே கொடுத்தாய்?

உன் அக்கா

மார்ச் 12

அன்புள்ள அக்காவுக்கு,

பாப்பாவின் இருமல் போன மாதமே நின்றுவிட்டது. மருந்து இங்கே இருக்கிற டாக்டர் எழுதிக் கொடுத்தது. கோபித்துக்கொள்ளாதே.

நீங்கள் வருவதில் சந்தோஷம். கடை விடுமுறை அன்று உனக்காக வடக்கே, ரயிலின் கடைசி ஸ்டேஷன் வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். அருமையான இடம் அக்கா. பூங்காவில் ஊஞ்சல் துருப்பிடிக்காமல் இருக்கிறது. பள்ளிக்கூடம் விடுகிற நேரத்துக்கு வாசலில் நின்று பார்த்தேன். பிள்ளைகள் சத்தம் போட்டுச் சிரித்துக்கொண்டு வெளியே வருகிறார்கள். வாயை மூடிக்கொண்டு வரிசையாக வந்திருந்தால்தான் பயப்பட வேண்டும். மருந்துக் கடை, காய்கறிக் கடை எல்லாம் காலடியில். அதற்குப் பக்கத்தில் தண்ணீர்த் தொட்டி இருக்கிற பகுதியும் பரவாயில்லை.

எங்கள் பக்கம் எதுவும் காலி இல்லை. நானும் கேட்காத இடம் இல்லை.

கண்ணாடிக் கடையில் தலைக்கு மேல் வேலை. லென்ஸ் வெட்டி வெட்டி என் கண்ணுக்கே கண்ணாடி வந்துவிடும் போலிருக்கிறது. மற்றவை பிறகு.

உன் வாலு

மார்ச் 19

அன்புள்ள வாலுக்கு,

உங்கள் ஊர் வரைபடம் ஒன்று வாங்கிச் சமையலறைச் சுவரில் மாட்டிவிட்டேன். வார்டில் எதையும் சுவரில் மாட்டினால்தான் எனக்கு மூளை வேலை செய்யும், உனக்குத் தெரியுமே. உன் வீட்டுக்குச் சிவப்புக் குண்டூசி, நீ சொன்ன இடங்களுக்குப் பச்சை. குத்தி முடித்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தேன். சிவப்பு கீழ் மூலையில், பச்சை மேல் மூலையில். நடுவில் ஊர் முழுக்கக் கிடக்கிறது!

உன்னைப் பார்க்க வேண்டுமென்றால் ரயில் மாறி ரயில் மாறி வரவேண்டும், வந்ததும் திரும்பிப் போக வேண்டும். சின்னவனே கேட்கிறான், "சித்தி நம்மள ஏன்மா இவ்ளோ தூரத்துல வைக்கிறாங்க?" நான் என்ன பதில் சொல்வது?

எதுவும் காலி இல்லையாம்! அவ்வளவு பெரிய பகுதியில் ஒரு வீடு காலி இல்லையா? யாருக்குக் காது குத்துகிறாய்? உன் பக்கத்தில் என்ன குறை என்று பூசி மெழுகாமல் எழுது.

அக்கா

மார்ச் 27

அன்புள்ள அக்காவுக்கு,

கேட்டுவிட்டாய், சொல்கிறேன். வருத்தப்படுவாய் என்றுதான் இத்தனை நாள் சொல்லவில்லை.

நீ வந்து தங்கிய காலம் மாதிரி இல்லை இப்போது. தண்ணீர் லாரியில்தான் வருகிறது, அதுவும் அவன் மனசு வைத்தால். தெரு முழுக்க நாய். பாப்பாவின் பள்ளிக்கூடத்தில் டீச்சர்கள் ஒரு வருஷம்கூடத் தங்குவதில்லை. மழை பெய்தால் சாக்கடை வாசல் வரை வந்து எட்டிப் பார்க்கும். மேலே புதிதாக வீடு எழுப்பிக் குடிவந்தவர் வேறு மேளம் பழகுகிறார். அவருக்கு வருகிற மாதிரியும் தெரியவில்லை, விடுகிற மாதிரியும் தெரியவில்லை. வேறு இடம் பார்க்கலாமா என்று பாப்பாவின் அப்பாவே புலம்புகிறார்.

இதிலே உன்னையும் கொண்டுவந்து தள்ள எனக்கு மனசு வருமா? வடக்கே போ அக்கா. பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன்.

உன் வாலு

ஏப்ரல் 4

என் கண்ணே,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு வார்டிலேயே அழுதேன். நோயாளி எனக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுக்கிறார்! இத்தனை நாளாக இப்படி ஒரு இடத்தில் கிடந்துகொண்டு "நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன்" என்று சொல்லியிருக்கிறாயே, பாவி. நானும் நம்பியிருக்கிறேனே.

இனி நீ ஒன்றுக்கும் கவலைப்படாதே. எல்லாம் முடித்துவிட்டேன். என்னோடு வேலை செய்கிறவளின் மாமனாருக்கு, நீயே மெச்சிக்கொண்ட அந்தக் கடைசி ஸ்டேஷன் பக்கத்தில் மாடி வைத்த வீடு இருக்கிறது. கீழே நாங்கள், மேலே நீங்கள். சமையல் ஒன்றாக வைத்துக்கொள்ளலாம். அவ்வளவு வாடகை கொடுக்கிற ஊரில் இரண்டு அடுப்பு எதற்கு? கண்ணாடிக் கடை எந்த ஊரில் இல்லை, அங்கேயும் ஒன்று இருக்கும்.

உன் ஹவுஸ் ஓனர் அம்மாவின் நம்பர் இன்னும் என் போனில் இருந்தது. அன்றைக்கு வாடகையைக் குறைக்கச் சொல்லி நான்தானே பேசினேன். மே மாதத்தோடு நீங்கள் காலி செய்கிறீர்கள் என்று சொல்லிவிட்டேன். "அந்தப் பொண்ணு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே" என்று இழுத்தார். பேசிச் சரிக்கட்டிவிட்டேன். பாப்பாவுக்கு டி.சி. கேட்டு வைத்துவிடு.

இனிமேல் நான் இருக்கிறேன்.

உன் அக்கா

ஏப்ரல் 9

அக்கா,

நேற்று கடையிலிருந்து வந்து கதவைத் திறக்கிறேன், ஹவுஸ் ஓனர் அம்மா இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு பின்னாலேயே வருகிறார். வீடு பார்க்க வந்தவர்களாம். என் ஹாலில் நின்று என் சுவரைத் தட்டிப் பார்த்தார்கள். என் படுக்கையறையில் கட்டில் நுழையுமா என்று சாண் போட்டு அளந்தார்கள். பாப்பா ஓடிவந்து, "அம்மா, நம்ம எங்க போறோம்?" என்று கேட்டாள். எனக்கே தெரியாது என்று சொல்லட்டுமா?

போதும். உயிரை வாங்குகிறாய் நீ.

நான் எழுதியது அத்தனையும் பொய். இங்கே குழாயில் நாள் முழுக்கத் தண்ணீர் வருகிறது. தெருவில் ஒரே ஒரு நாய், அதுவும் தூங்கிக்கொண்டே இருக்கும், பாப்பா அதன் காதில் ரிப்பன் கட்டுகிறாள். மேல்வீட்டில் மேளம் இல்லை, மேல்வீடே இல்லை. இந்தப் பள்ளிக்கூடத்தில் இடம் கிடைக்க ஊரே அடித்துக்கொள்கிறது. எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளிப் பிப்ரவரியிலிருந்து 'வாடகைக்கு' என்று பலகை தொங்குகிறது. தினமும் அதைத் தாண்டித்தான் வேலைக்குப் போகிறேன். நீ வந்தால் அங்கேதான் வருவாய் என்று தினமும் பயந்துகொண்டே போகிறேன்.

நீ எனக்குக் கெடுதல் செய்ததே இல்லை. அதுதான் என் கஷ்டம். நம் ஊரில் புது வேலையில் சேர்ந்தபோது என் மேலாளரிடம் நீயே போய் எனக்கு லீவு கேட்டாய். அதிலிருந்து அவர் என்னிடம் ஏதாவது கேட்பதென்றால் "அக்காகிட்ட கேட்டுட்டு வாம்மா" என்பார். கடையே சிரிக்கும். அந்த வேலையை விட்டேன், ஏன் விட்டேன் என்று உன்னிடம் சொல்லவில்லை. இங்கே எனக்கு யாரும் நல்லது செய்வதில்லை அக்கா. அது எனக்கு எவ்வளவு பிடித்திருக்கிறது தெரியுமா?

இந்த வீட்டுக்கு வந்த புதிதில் நீ வந்து தங்கி, சமையலறையில் மசாலா டப்பாக்களையெல்லாம் மேல் தட்டில் அடுக்கிவிட்டுப் போனாய். எனக்கு எட்டாது. இன்றைக்கு வரைக்கும் ஸ்டூல் போட்டு ஏறித்தான் எடுக்கிறேன். கீழே இறக்கி வைக்க எனக்குக் கை வரவில்லை. இவர் சிரிக்கிறார், "உங்க அக்கா என்ன கேமரா வெச்சிருக்காங்களா?" என்று. நீ பக்கத்தில் வந்தால் நான் மறுபடியும் உன் இடுப்பில் ஏறிக்கொள்வேன். இறங்க எனக்குத் தெரியாது, இறக்கிவிட உனக்கும் தெரியாது.

இந்த ஊருக்கு வராதே என்று சொல்லவில்லை. என் பக்கத்தில் வராதே என்கிறேன். இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடாமல் தபாலில் சேர்க்கப் போகிறேன்.

வாலு

ஏப்ரல் 28

வாலுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அத்தானிடம் காட்டவில்லை.

உன் ஹவுஸ் ஓனர் அம்மாவுக்குப் போன் செய்து, நான் அவசரப்பட்டுச் சொல்லிவிட்டேன், நீங்கள் எங்கும் போகவில்லை என்று சொல்லி மன்னிப்புக் கேட்டேன். மாடி வீடும் வேண்டாம் என்று சொல்லியாயிற்று.

போன வாரம் நானும் அத்தானும் உங்கள் ஊருக்கு வந்தோம். உன்னிடம் சொல்லவில்லை. உன் ஸ்டேஷனைத் தாண்டித்தான் ரயில் போனது. அத்தான் என் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தார், நான் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. உனக்கு ஆறு ஸ்டேஷன் தள்ளி ஒரு வீடு பேசி முடித்துவிட்டோம். சுமாரான பூங்கா. பள்ளிக்கூடம் விடும்போது வாசலில் நின்று பார்த்தேன், பிள்ளைகள் சிரித்துக்கொண்டுதான் வருகிறார்கள். நினைத்த நேரத்தில் உன் வீட்டுக்குள் நுழைய முடியாத தூரம். உனக்குக் காய்ச்சல் என்றால் வந்துவிடக்கூடிய தூரம். கூப்பிட்டால்தான் வருவேன்.

ஒன்றே ஒன்று. அந்த டப்பாக்களை நான் மேலே வைத்தது, பாப்பா தவழ்ந்து போய் மிளகாய்ப் பொடியில் கை வைத்துவிட்டாள் என்பதற்காக. அவள் எழுந்து நடந்து, ஓடி, ரிப்பன் கட்டுகிற வயசும் வந்துவிட்டதடி. இறக்க வேண்டியதுதானே, பைத்தியமே? ஒரு டப்பாவை இறக்க என்னைக் கேட்க வேண்டுமா? அந்த அளவுக்கா உன்னைப் பயமுறுத்தி வைத்திருக்கிறேன்? அதை நினைத்தால்தான் எனக்குத் தாங்கவில்லை.

அக்கா

ஜூலை 6

அன்புள்ள அக்காவுக்கு,

நீ மனுஷியா?

இந்த ஊருக்கு வந்து மாதம் தாண்டிவிட்டது. ஒரு தடவை வந்தாயா? பாப்பா பிறந்தநாளுக்குப் பார்சல் அனுப்பியிருக்கிறாய்! ஆறு ஸ்டேஷன் தூரத்திலிருந்து பார்சல்! தபால்காரர் அனுப்புநர் விலாசத்தைப் பார்த்துவிட்டு, "இங்க இருந்து இங்கயாம்மா?" என்று கேட்டார். மானம் போயிற்று.

கூப்பிட்டால்தான் வருவேன் என்றாய், சரி. கூப்பிடலாம் என்று போனை எடுப்பேன். கூப்பிட்டால் இவ்வளவு பேசியதெல்லாம் வீண் என்று ஆகிவிடுமோ என்று வைத்துவிடுவேன். அக்காவுக்கு ஏற்ற தங்கை. நேற்று அத்தான் இவரிடம் பேசினாராம். ஞாயிற்றுக்கிழமை காலையில் நீ கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு ஹாலில் உட்கார்ந்திருக்கிறாயாம். எங்கே கிளம்புகிறாய் என்று கேட்டால் "சும்மா" என்கிறாயாம். மத்தியானத்துக்கு மேல் பையை உள்ளே கொண்டுபோய் வைத்துவிடுகிறாயாம். இதைக் கேட்ட பிறகு எனக்குச் சோறு இறங்குமா, சொல்?

டப்பாக்களைக் கீழே இறக்கிவிட்டேன். இறக்கி ஒரு வாரமாகிறது, இன்னும் கை மேலேதான் போகிறது. போய் வெறும் பலகையைத் தடவிவிட்டுத் திரும்பி வருகிறது. எனக்குச் சிரிப்பாகவும் வருகிறது, அழுகையாகவும் வருகிறது.

இந்த ஞாயிற்றுக்கிழமை வா. கூப்பிட்டாயிற்று, எழுத்திலேயே இருக்கிறது. சமையலறைக்கும் வா, பார். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க உன்னால் முடியாது என்று தெரியும், ஏதாவது சொல். எதையாவது நகர்த்தக்கூடச் செய். நீ போன பிறகு எனக்குப் பிடித்த இடத்தில் திரும்ப வைத்துக்கொள்வேன். இப்போது எனக்கு வைக்கத் தெரியும்.

ஸ்டூலைத் துடைத்து அடுப்புக்குப் பக்கத்தில் போட்டிருக்கிறேன். நான் சமைக்கிறேன், நீ அதில் உட்கார்.

உன் வாலு