மூன்று வாட்டில் நாலு குரல்

மார்ச் 3
ஆற்றுப்பாலம் இடிந்து, பால்காரர் வீட்டில் ஒரே பிரசவத்தில் மூன்று பிள்ளை பிறந்த வருஷம். அந்த வருஷம்தான் அண்ணன் சத்தத்தைக் கூட்டிக் கொடுக்கும் இந்த வால்வு ஆம்ப்ளிபயரைச் செய்தான். மூன்றே வாட். அன்றைக்கே எங்கள் வீட்டுப் பேச்சையும் டேப்பில் பிடித்தான். அவன், பக்கத்து வீட்டுத் தையல்காரர், என் தங்கை, என் மனைவி. மனைவியின் குரல் மிச்சம் இருப்பது அதில் மட்டும்தான். தங்கைக்குக் கரகரத்த கட்டைக் குரல். வாத்து என்றே கூப்பிடுவோம். என் மனைவி மாதிரியே இழுத்து இழுத்துப் பேசிக் காட்டி, அவளை அழவைப்பாள்.

நேற்றுத் திறந்து பார்த்தால், ஸ்பீக்கர் காகிதத்தைக் கரப்பான் தின்றிருக்கிறது. காது டாக்டரோ, "கேக்க வேண்டியதை இப்பவே கேட்டுக்குங்க பெரியவரே" என்றுவிட்டார்.

எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்ல, மருமகள் எழுதுகிறாள்.

மார்ச் 9
கடையில் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்து, கனமான ஸ்பீக்கராக வாங்கி வந்தேன். டேப்பைப் போட்டால், கம்பளிக்குள் படுத்துக்கொண்டு பேசுவதுபோல் வருகிறது. திருகைக் கடைசிவரை திருப்பினால் அண்ணன் ஆம்ப்ளிபயருக்கு மூச்சு வாங்குகிறது.

"பெரிய ஆம்ப்ளிபயரா வாங்கித் தர்றேன்ப்பா" என்கிறான் மகன். அண்ணன் கையால் செய்ததைத் தூக்கிப் போட்டுவிட்டு என்னத்தைக் கேட்க?

மார்ச் 10
சாப்பிடப் பிடிக்கவில்லை.

மார்ச் 17
ரேடியோ ரிப்பேர்காரர் தலையில் அடித்துக்கொண்டார். "மூணு வாட்டை வெச்சுக்கிட்டு இந்த எருமையை எழுப்பப் பாத்தீங்களா? இதுக்குள்ள கீச்சுக் குரலுக்கு ஒரு காகிதக் கூம்பு, கட்டைக் குரலுக்கு ஒண்ணு, நடுவுல பிரிக்கிறதுக்கு ஒரு சர்க்யூட்டு. உங்க மூணு வாட்டு இதுக்கு எந்த மூலைக்கு? உங்களுக்கு ஒரே கூம்பு போதும். காகிதம் லேசா, காந்தம் பெருசா. ஒரு வாட்டுக்கு எவ்வளவு சத்தம் வரும்னு கேட்டு வாங்கணும்."

"நான் கனத்தைப் பாத்தேனே!"

"எடை போட்டு வாங்க இதென்ன பழைய பேப்பரா?"

மார்ச் 28
அவர் தேடிப் பிடித்த ஸ்பீக்கருக்கு ஆசாரி பெரிய பெட்டி அடித்துக் கொடுத்தார். திருகு பாதிகூடப் போகவில்லை — அண்ணன் தொண்டையைச் செருமினான், இந்த அறைக்குள்ளேயே! தையல்காரர் சிரித்தார். வாத்து ஏதோ கிண்டல் செய்தாள். அடுத்தது மனைவி பேசவேண்டிய இடம்.

ஒன்றுமில்லை.

"இதுவும் சரியில்ல, நிறுத்தும்மா."

மருமகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் காதருகே வந்து கத்தினாள். "அத்தை பேசுறாங்களே மாமா! நல்லா, தெளிவா!"

மனைவிக்கு ஊசிபோல் மெல்லிய கீச்சுக் குரல். ஸ்பீக்கர் சரிதான். இந்தப் பாழாய்ப்போன காது எல்லாரையும் உள்ளே விட்டு, அவளை மட்டும் வாசலில் நிறுத்திவிட்டது. என்ன பண்ணுவேன்? யார்கிட்ட போய்க் கேப்பேன்?

ஏப்ரல் 4
பெட்டியைத் துணி போட்டு மூடச் சொன்னேன்.

ஏப்ரல் 11
மனைவி அந்த இடத்தில் என்னதான் சொல்கிறாள் என்று இன்று மருமகளைக் கேட்டேன்.

"'போதும், சாப்பிட வாங்க, எல்லாம் ஆறுது'ன்னு சொல்றாங்க மாமா."

சரியாகத்தான் சொன்னாள். ஆனால் 'எல்லாம்' என்பதை மனைவி இழுக்கும் இழுப்பு இவளுக்கு வரவில்லை. அண்ணன் போய்விட்டான். தையல்காரர் போய்விட்டார். மனைவியும் போய்விட்டாள். அந்த இழுப்பை, எனக்குக் கேட்கிற கட்டைக் குரலில் இழுத்துக் காட்ட ஒருத்திதான் இன்னும் உயிரோடு இருக்கிறாள்.

போனைப் போடும்மா என்றேன்.

"யாருக்கு மாமா?"

வாத்துக்கு.