நெருப்பில் காட்டிய கத்தி

புத்தளம்
9.6.2014

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் நோ குறைந்ததா? நான் சுகம்.

இங்கே ஆய்வுகூடத்தில் மரவள்ளிக் குருத்தை வெட்டிப் போத்தலுக்குள் வளர்க்கிறோம். எச்சில் பட்டால் பூஞ்சணம் பிடிக்கும் என்று வெட்டும்போது யாரும் வாய் திறப்பதில்லை. அது தெரிந்துதான் மேற்பார்வையாளர் மூன்று மாதமாகப் பின்னால் வந்து இடுப்பைப் பிடித்தார். போன செவ்வாய்க்கிழமை, கிருமி சாக நெருப்பில் காட்டிய கத்தியை அவர் கையில் இறக்கினேன். எலும்பில் முட்டி நின்றது. கன்றுகளெல்லாம் இரத்தம்.

“நல்ல வேலதான் செஞ்ச, புள்ள,” என்றாள் பக்கத்து மேசையில் வெட்டும், தில்லையடி ஊர் ஸில்மியா.

பயப்படாதீர்கள். கத்தி வழுக்கியதாக அவரே எல்லோரிடமும் சொல்லிவிட்டார். சுட்ட கத்தி என்பதால் காயமும் சீழ் பிடிக்காது. அடுத்த திங்கட்கிழமை வேலைக்கு வருகிறாராம்.

பஸ்ஸுக்கு நேரமாகிறது. ஒடியல் மா அனுப்பும்போது, அப்பா மீன் வெட்டும் கத்தியை மாவுக்குள் புதைத்து அனுப்புங்கள்.

மகள்,
பிரியந்தினி