கீழ்க்காட்டில் நாம் கட்டாத அறைகள்

இன்று காலை அட்டுவம்பட்டி முழுக்க அரக்கு வாசம். முழுக்க என்றால் நீங்கள் சிரிப்பீர்கள். என் மூக்குக்கு அப்படித்தான் இருந்தது. பக்கத்தில் விவசாய நிலத்தில் அனுமதி இல்லாமல் எழும்பிய விடுதியைப் பூட்டி, பூட்டின்மேல் அரக்கை உருக்கி முத்திரை வைத்தார்கள் நகராட்சி ஆட்கள். விடுதிக்காரர் ரசீதுகளை நீட்டியபடி, "வீட்டு வரி வாங்குனீங்கல்ல, கரண்டு குடுத்தீங்கல்ல, அப்புறம் என்னங்க?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். எனக்கு உங்கள் நினைவு வந்துவிட்டது.

நீங்களும் அப்படி ஒரு நம்பிக்கையில்தானே தொடங்கினீர்கள்? "பட்டா நம்ம பேர்ல கெடக்கு புள்ள, எவன் கேப்பான்?" மலைப்பாதையில் சுற்றுலா வண்டி ஓட்டி ஓட்டி உங்கள் முதுகு போயிருந்தது. வீட்டுக்குக் கீழே, நாம் கீழ்க்காடு என்று சொல்லும் சரிவில், மூன்று அறை கட்டி வாடகைக்கு விட்டால் வண்டியை விட்டுவிடலாம். தூண்கள் எழும்பிவிட்டன. நான் ஜன்னல் திரைக்குத் துணியே எடுத்துவிட்டேன்.

கடன் கேட்டபோது வங்கியில் கட்டட அனுமதி கேட்டார்கள். நகராட்சி அலுவலகத்தில் இருந்த அம்மா, ஊரின் வரைபடத்தை மேசை நிறைய விரித்தார். நம் வீடு ஒரு நிறத்தில், கீழ்க்காடு வேறு நிறத்தில்.

"வீடு குடியிருப்பு மண்டலத்துல இருக்குங்க. கீழ விவசாய மண்டலம். எடம் யாருதுன்னு பட்டா சொல்லும். அங்க என்ன கட்டலாம்னு இதுதான் சொல்லும். நிலப் பயன்பாட்ட மாத்த உத்தரவு வாங்காம அறை கட்ட முடியாது. குறுக்க ஓடை வேற போகுது, உத்தரவு கெடைக்கிறதே கஷ்டம்."

மெல்லிய நீலக்கோடு ஒன்று, வளைந்து நம் நிலத்தைக் கடந்தது. "அங்க ஏதுங்க ஓடை?" என்று நீங்கள் சண்டைக்கே போய்விட்டீர்கள். நிலத்தை வாங்கியதிலிருந்து நல்ல மழை கிடையாது. நாம் கண்டதெல்லாம் புல் முளைத்த பள்ளம்தான்.

அந்த ஐப்பசியில் மழை பிடித்தது. குடைகூட எடுக்காமல் இறங்கினீர்கள், பின்னாலேயே நானும். பேரிக்காய் மரத்தைச் சுற்றி வந்த தண்ணீர், நம் தூண்களுக்கு நடுவே நுரைத்துக்கொண்டு ஓடியது. வரைபடத்தில் கோடு வளைந்த அதே இடத்தில் வளைந்தது. தேவாலயத்தில்கூட நீங்கள் அப்படி மெய்மறந்து நின்று நான் பார்த்ததில்லை. "தண்ணி வர முந்தியே அது போற வழிய எழுதி வச்சிருக்காங்களே புள்ள!" என்றீர்கள். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது, குளிரால் மட்டும் அல்ல.

"கட்டுங்கண்ணே, பெறகு அபராதம் கட்டி வரன்முறை பண்ணிக்கலாம்" என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். மழை விட்டதும் கடப்பாரையை எடுத்து, எழுப்பிய தூண்களை நீங்களே சாய்த்தீர்கள். ஓடைக்கு வழி விட்டு, இரு பக்கமும் மலைப்பூண்டு போட்டோம். பிறகு அதே முதுகோடு வண்டியில் ஏறி உட்கார்ந்தீர்கள், கடைசி வரைக்கும். அதற்காக உங்கள்மேல் எனக்கு எவ்வளவு கோபம் தெரியுமா? அதைவிடப் பெரிய மலைப்பு இன்னும் தீரவில்லை.

அந்தத் திரைத்துணி இப்போது சமையலறை ஜன்னலில் தொங்குகிறது. மழைச் சத்தம் கேட்டால் அதை விலக்கிப் பார்த்துவிட்டுக் கீழே இறங்குகிறேன். தண்ணீர் நாம் கட்டாத அறைக்குள் நுழைந்து, அந்தப் பக்கமாக வெளியேறிப் போகிறது. நீங்கள் நிற்கப் பக்கத்தில் இடம் விட்டுத்தான் நிற்கிறேன்.